ராணுவத்திலிருந்து வெளியே வந்த பிறகு வேலை கிடைக்கும் வரை அரசு பணம் தருமா?

சகோதரி, நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரர் ஹவில்தார், 17 வருடம் முடித்து இன்னும் எட்டு மாதத்தில் வீட்டுக்கு வருகிறார், வயது 37. அமெரிக்காவில் ராணுவத்தை விட்டு வந்தவர்களுக்கு வேலை கிடைக்கும் வரை வாராவாரம் பணம் தருகிறார்களாமே, அதுபோல் இங்கே ஏதாவது உண்டா என்பது முதல் கேள்வி. உங்கள் தம்பி அக்னிவீரராகப் போயிருக்கிறான், நான்கு வருடம் முடிந்து நிரந்தரமாக எடுக்கவில்லை என்றால் அவனுக்கு என்ன கிடைக்கும் என்பது இரண்டாவது. நான் ராணுவத்தில் கிளார்க்காக 17 வருடம் இருந்துவிட்டு 2011இல் வந்தவன். வேலூர் மாவட்டத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் டிஸ்சார்ஜ் ஆகி வருகிறவர்களுக்குக் காகித வேலையில் உதவி செய்துகொண்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நேரடிப் பதில்: இல்லை. வேலை கிடைக்கும் வரை மாதாமாதம் இவ்வளவு என்று முன்னாள் படைவீரருக்குத் தருகிற வேலையின்மை உதவித்தொகை இந்திய அரசிடம் கிடையாது. தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் படித்து வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு ஒரு உதவித்தொகை இருக்கிறது, பத்தாவது தேறியவருக்கு மாதம் ரூ.300, பன்னிரண்டாவதுக்கு ரூ.400, பட்டதாரிக்கு ரூ.600. ஆனால் பதிவு செய்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருடத்துக்கு ரூ.72,000க்கு மேல் போகக் கூடாது. பென்ஷன் வருகிற வீட்டில் அந்தக் கணக்கு ஒத்து வராது, அதற்காக அலைய வேண்டாம்.

அமெரிக்காவில் நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 1944இல், இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே, திரும்பி வரும் சிப்பாய்களுக்காக ஒரு சட்டம் போட்டார்கள். வேலை கிடைக்காதவருக்கு வாரம் 20 டாலர், அதிகபட்சம் 52 வாரம். அதை அங்கே "52-20 கிளப்" என்றே சொன்னார்கள். எல்லோரும் சும்மா உட்கார்ந்து வாங்கப் போகிறார்கள் என்று அப்போது பேசியவர்கள் உண்டு, ஆனால் அதற்கென்று ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் சீக்கிரமே வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டார்கள். இதை எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்துக் கூட்டத்தில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். பிறகு 1958இல் நிரந்தரமான ஒரு ஏற்பாடு வந்தது. மாநில அரசு பணத்தைக் கொடுக்கும், அந்தச் செலவை மத்திய அரசு ஏற்கும். நல்ல முறையில் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும், குறிப்பிட்ட காலம் தொடர்ந்து பணியில் இருந்திருக்க வேண்டும், வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும். பென்ஷன் வாங்குகிறவருக்குப் பல மாநிலங்களில் அந்தப் பென்ஷன் தொகையைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். அதாவது அந்த ஏற்பாடு முக்கியமாக, நான்கைந்து வருடம் இருந்துவிட்டுப் பென்ஷன் இல்லாமல் வருகிற இளைஞனுக்கானது. உங்கள் வீட்டுக்காரரைவிட உங்கள் தம்பியின் நிலைமைக்குத்தான் அது பொருந்தும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

இங்கே ஏன் இல்லை என்றால், நம் நாட்டில் பென்ஷனையே பதிலாக வைத்துவிட்டார்கள். முன்பு சிப்பாய் ஏழு வருடம் போல யூனிட்டில் இருந்துவிட்டு மீதி வருடங்களை ரிசர்வில், அதாவது தேவைப்பட்டால் மட்டும் கூப்பிடுகிற பட்டியலில், கழிப்பார். 1976க்குப் பிறகு அதை நீட்டி, பென்ஷனுக்குத் தேவையான 15 வருடத்தையும் யூனிட்டிலேயே முடிக்கும்படி செய்தார்கள். அதனால் முப்பத்தைந்திலிருந்து நாற்பதுக்குள் வெளியே வருகிற ஜவானுக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷனாக வருகிறது, கூடவே டி.ஆர். என்கிற அகவிலை நிவாரணம், இ.சி.எச்.எஸ். மருத்துவம், கேன்டீன். சிவிலில் வேலை கிடைத்தாலும் அந்தப் பென்ஷன் நிற்காது. பென்ஷன் ஒரு பக்கம், சம்பளம் ஒரு பக்கம், இரண்டும் வரும். எத்தனையோ பேர் "வேலைக்குச் சேர்ந்தால் பென்ஷனை நிறுத்திவிடுவார்களோ" என்று பயந்து ஒரு வருடத்தை வீணாக்கியிருக்கிறார்கள், அதனால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

ஆனால் பென்ஷன் வருகிறது என்பதற்காக அந்த முதல் வருடம் சுலபமாகப் போகும் என்று நினைக்காதீர்கள். நான் வந்து 14 மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். சம்பளம் பாதியாகக் குறைந்துவிட்டது, ரேஷனும் குவார்ட்டர்ஸும் இல்லை, அதே நேரத்தில் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் என் கையில் மொத்தமாகப் பணம் வந்திருப்பது தெரியும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பழகிய உடம்பு, எழுந்து செய்ய ஒன்றும் இல்லை. பிள்ளைகளை பரேடு எடுக்கிற மாதிரி அதட்ட ஆரம்பித்துவிட்டேன் என்று என் மனைவி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அப்புறம் ஒரு தனியார் செக்யூரிட்டி நிறுவனத்தில் இரவு வேலைக்குப் போனேன். ஒன்பது மாதம் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்கள், கணக்கில் ஒரு ரூபாய் கட்டவில்லை. இதையெல்லாம் சொல்வது பயமுறுத்த இல்லை. உங்கள் கையில் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, நான் அந்த எட்டு மாதத்தைப் பயன்படுத்தாமல் விட்டேன், அதனால்தான். நம் நாட்டில் முன்னாள் படைவீரருக்கு உள்ள உதவியில் பெரும்பகுதி, வெளியே வரும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய உதவி.

முதலில் கம்யூட்டேஷன். பென்ஷனில் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம், யூனிட்டில் எல்லோரும் முழுப் பாதியையும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், கேள்வியே கேட்க மாட்டார்கள். கணக்கைப் பாருங்கள். பேசிக் பென்ஷன் ரூ.22,000 என்று வைத்துக்கொள்வோம். பாதி ரூ.11,000. அதை 12 மாதத்தால் பெருக்கி, மறுபடி இந்த வயதுக்கென்று அரசு வைத்திருக்கும் எண்ணான ஏறத்தாழ 9ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 12 லட்சம் கையில் வரும், வரி கிடையாது. பதிலுக்கு 15 வருடம் மாதம் ரூ.11,000 பிடிப்பார்கள், மொத்தம் 19 லட்சத்து 80 ஆயிரம். டி.ஆர். மட்டும் குறையாது, முழுப் பென்ஷனுக்கும் கணக்குப் போட்டுத் தருவார்கள். வட்டியாகப் பார்த்தால் ஏழு சதவீதத்துக்குப் பக்கத்தில் கடன் வாங்கியது போல, அதனால் இதைக் கெட்ட விஷயம் என்று சொல்ல மாட்டேன். கந்துவட்டிக் கடன் இருக்கிறதா, தீர்க்க வாங்குங்கள். வீடு பாதியில் நிற்கிறதா, வாங்குங்கள். ஒரு காரணமும் இல்லாமல் வாங்கி சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தால் அது மச்சான் தொழிலுக்கும் சீட்டுக்கும் போய்விடும், வேலை தேடுகிற மாதங்களில் வீட்டுக்கு வர வேண்டிய ரூ.11,000 வராது. பாதி முழுவதும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று இல்லை, குறைவாகவும் எழுதலாம். நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள், இதை யூனிட்டில் இருக்கும் நண்பர்கள் முடிவு செய்யக் கூடாது.

கிராஜுவிட்டி, லீவ் என்கேஷ்மென்ட், குரூப் இன்சூரன்ஸ் மெச்சூரிட்டி, ஏ.எஃப்.பி.பி. ஃபண்ட் என்கிற படைவீரர் சேமநிதி எல்லாம் தனியாக வரும். இதில் குறைந்தது ஆறு மாதக் குடும்பச் செலவை யாருக்கும் சொல்லாமல் ஒரு டெபாசிட்டில் போட்டு வையுங்கள். அரசு தராத வேலையின்மைத் தொகையை நீங்களே உங்களுக்கு ஏற்படுத்திக்கொள்கிற வழி இதுதான்.

இரண்டாவது, காகிதங்கள். நான் இதுவரை பார்த்த சிக்கல்களில் பாதிக்கு மேல் பெயரில்தான் இருக்கிறது. ஆதாரில் "செல்வி", சர்வீஸ் ரெக்கார்டில் "செல்வி கே", பிள்ளையின் பிறந்த தேதி ரெக்கார்டில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று. பணியில் இருக்கும்போது பார்ட் டூ ஆர்டர், அதாவது குடும்ப விவரத்தைப் பதிவு செய்கிற யூனிட் உத்தரவு, போட்டுத் திருத்துவது சில வாரத்து வேலை. வெளியே வந்த பிறகு அதே திருத்தத்துக்கு ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம் எழுதி, அஃபிடவிட் கொடுத்து, வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். உங்கள் பெயர் பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவில் மனைவியாகச் சரியாக வருகிறதா, பிள்ளைகள் பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கிறதா, பென்ஷன் வருகிற ஸ்பர்ஷ் தளத்தில் மொபைல் எண்ணும் வங்கிக் கணக்கும் சரியா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். டிரைவர் டிரேடாக இருந்தால் ராணுவ லைசன்ஸைச் சிவில் ஹெவி லைசன்ஸாக மாற்றத் தேவையான சான்றையும் கையோடு வாங்கி வரட்டும். டிரேடு சான்றிதழ், கோர்ஸ் சான்றிதழ் எதுவாக இருந்தாலும் ஒன்றைக்கூட யூனிட்டில் விட்டு வரக் கூடாது.

வெளியே வரும் முன்பே, டி.ஜி.ஆர். என்கிற பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககம் நடத்துகிற ரீசெட்டில்மென்ட் கோர்ஸுக்குப் போகலாம், ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ. என்கிற இளநிலை அதிகாரிகளுக்கும் கட்டணம் இல்லை. செக்யூரிட்டி, ஃபயர் சேஃப்டி, கம்ப்யூட்டர் என்று பல இருக்கின்றன. சிலது பெயருக்கு நடக்கும், சிலது நன்றாக இருக்கும், ஊரில் வேலை கிடைக்கக்கூடியது எது என்று பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். டி.ஜி.ஆர். பட்டியலில் உள்ள பால் பூத், சி.என்.ஜி. பங்க் போன்றவை பெரும்பாலும் டெல்லிப் பக்கம், நமக்கு அவ்வளவு உதவாது.

இப்போது முக்கியமான விஷயம், இட ஒதுக்கீடு. மத்திய அரசுத் துறைகளில் கிளார்க் போன்ற குரூப் சி வேலைகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதம், கடைநிலை வேலைகளான பழைய குரூப் டியில் 20 சதவீதம். பொதுத்துறை வங்கிகளிலும் நிறுவனங்களிலும் இது 14.5, 24.5 சதவீதம், இதில் ஊனமுற்ற வீரர்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கும் உள்ள 4.5 சதவீதமும் அடக்கம். தமிழ்நாடு அரசின் குரூப் சி வேலைகளிலும் காவலர் தேர்விலும் 5 சதவீதம். ராணுவ நிலையங்களைக் காவல் காக்கிற டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர் முழுக்க முழுக்க முன்னாள் படைவீரருக்கானது. மறுபடி சீருடை போட விருப்பம் இருந்தால், வெளியே வந்து அதிக நாள் ஆகும் முன்பே அதற்கு எழுத வேண்டும்.

வயதைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். மத்திய அரசு வேலைக்கு அவருடைய வயதிலிருந்து சர்வீஸ் வருடங்களைக் கழிப்பார்கள். 37இல் 17 போனால் 20. கழித்த பிறகு வருகிற வயது, அந்த வேலைக்கான உச்ச வயதைவிட மூன்று வருடத்துக்கு மேல் போகாமல் இருந்தால் போதும். அதனால் வயது அவருக்குத் தடையே இல்லை. படிப்பு பத்தாவதுதான் என்றீர்கள். மெட்ரிக், அதாவது பத்தாவது, தேறி 15 வருடத்துக்குக் குறையாமல் சர்வீஸ் செய்தவரை, டிகிரி கேட்கிற மத்திய அரசு குரூப் சி வேலைகளுக்குத் தகுதியுள்ளவராக எடுத்துக்கொள்வார்கள், டெக்னிக்கல் படிப்பு தேவைப்படுகிற வேலைகளுக்கு இது பொருந்தாது. அதற்கான சான்றிதழை வாங்கி வரட்டும். ஆனால் அது பல்கலைக்கழகப் பட்டம் ஆகாது, மாநில அரசு வேலைக்கு அதைக் காட்டினால் ஏற்பார்கள் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

இன்னும் ஒன்று, இது பலருக்குத் தெரியவில்லை. ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போதே இந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். அவர் இப்போதே எழுதலாம், எட்டு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்து, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டை ஒருமுறை பயன்படுத்தி அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அந்தச் சலுகை முடிந்துவிடும். இதற்கு 2014இல் ஒரு வழி கொடுத்தார்கள்: சேரும் முன்பே வேறு எந்தெந்த வேலைகளுக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று சேர்ந்தவுடன் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த விண்ணப்பங்களுக்குச் சலுகை தொடரும். எங்கள் பக்கத்தில் ஒருவர் கடைநிலை வேலையில் சேர்ந்தார், இரண்டு மாதத்தில் வங்கித் தேர்வு முடிவு வந்தது, சேரும்போது அந்தக் காகிதத்தை எழுதிக் கொடுக்கவில்லை, வங்கி வேலை கையைவிட்டுப் போனது. ஒரு பக்கக் காகிதம்தான்.

இவ்வளவு ஒதுக்கீடு இருந்தும் ஏன் வேலை கிடைக்கவில்லை என்று கேட்பீர்கள். பல இடங்களில் அந்த இடங்கள் நிரம்பாமலேயே போகின்றன. காரணம் தேர்வு. பதினேழு வருடம் எல்லையில் நின்றவர், கோச்சிங் சென்டரில் இரண்டு வருடம் உட்கார்ந்த 23 வயதுப் பிள்ளையோடு ஆங்கிலமும் கணக்கும் எழுத வேண்டும், குறைந்தபட்ச மதிப்பெண் வராவிட்டால் ஒதுக்கீடு இருந்தும் பயனில்லை. ஆனால் போட்டி ஒதுக்கீட்டுக்குள் குறைவு, ஆறு மாதம் ஒழுங்காகப் படித்தால் கிளார்க் தேர்வைத் தாண்டலாம். நான் 38 வயதில் சதவீதக் கணக்கிலிருந்து ஆரம்பித்துப் படித்துத்தான் வங்கி வேலைக்குப் போனேன், பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் சொல்லிக் கொடுத்தாள். அவருக்கு இப்போது இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தால்கூட அதைப் படிப்புக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் காலத்துக்கு டெக்ஸ்கோ இருக்கிறது. 1986இல் தமிழ்நாடு அரசு முன்னாள் படைவீரர்களுக்கென்று ஏற்படுத்திய கழகம், அரசு அலுவலகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் காவலாளி, டிரைவர் போன்றவர்களை அனுப்பும். சம்பளம் பெரிதாக இருக்காது, ஆனால் பி.எஃப். ஒழுங்காகப் போகும். இதற்கெல்லாம் முதல் படி, வந்த கையோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டை வாங்குவது. சைனிக் போர்டு என்று சொல்வோமே, அதுதான். வேலைவாய்ப்புக்கான பதிவையும் அங்கேயே செய்யலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது, கலெக்டர் ஆபீஸில் கேட்டால் காட்டுவார்கள்.

தனியாரில் சேர்ந்தால் ஒரு விஷயம் பாருங்கள். மாதச் சம்பளம் ரூ.21,000க்குள் இருந்து இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு பிடிக்கிற நிறுவனமாக இருந்தால், பிற்பாடு அந்த வேலை போனால் இ.எஸ்.ஐ.யில் ஒரு வேலையின்மை உதவி இருக்கிறது. 2018இல் வந்த திட்டம், அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர், சராசரிச் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரு முறை. இது நீட்டித்து நீட்டித்து நடத்துகிற திட்டம், தேவைப்படும்போது இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முன்னாள் சிப்பாய்க்கு வேலையில்லாத காலத்துக்கென்று கிடைக்கக்கூடிய பணம் அநேகமாக இது ஒன்றுதான், அதுவும் சிப்பாய் என்பதற்காக இல்லை, தொழிலாளி என்பதற்காக. அதனால்தான் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் கொடுக்காத இடத்தில் சேர வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். முதல் மாதச் சம்பளச் சீட்டு கையில் வந்தவுடன் அந்த எண்ணைப் போட்டு ஆன்லைனில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தொழில் செய்யும் எண்ணம் இருந்தால் தமிழ்நாட்டில் "முதல்வரின் காக்கும் கரங்கள்" திட்டம் இருக்கிறது, 2024 சுதந்திர தின உரையில் அறிவித்து 2025 ஆகஸ்டில் தொடங்கியது. ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். நல்ல திட்டம். ஆனால் தொழில் தெரியாமல் மானியத்துக்காகக் கடன் வாங்காதீர்கள். ஊருக்கு வந்த முதல் ஆறு மாதத்தில் எந்தப் பெரிய தொழிலிலும் பணத்தைப் போட வேண்டாம் என்பது என் கருத்து. ஊர் மாறியிருக்கும், விலை மாறியிருக்கும், யாரை நம்பலாம் என்பது மாறியிருக்கும், அதைப் புரிந்துகொள்ளவே அந்த ஆறு மாதம் வேண்டும்.

மத்திய அரசின் கேந்திரிய சைனிக் போர்டு தரும் உதவிகளில் உங்களுக்குப் பொருந்துவது பிள்ளைகளின் கல்வி உதவி. ஹவில்தார் வரையிலான ரேங்க்குக்கு உண்டு, அதனால் உங்களுக்குக் கிடைக்கும். 2025 நவம்பரிலிருந்து ஒரு பிள்ளைக்கு மாதம் ரூ.2,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள், இரண்டு பிள்ளைகள் வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை. ஒவ்வொரு வருடமும் தேர்ச்சி பெற்ற பிறகு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. மகள் திருமணத்துக்கு ரூ.1 லட்சம், அதுவும் இதே ரேங்க்குக்குத்தான். மாதம் ரூ.8,000 என்று நீங்கள் எங்கோ பார்த்ததாகச் சொன்னது பென்ஷன் இல்லாத, 65 வயது தாண்டிய முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தருகிற வறுமை நிவாரணம், உங்களுக்கு இல்லை. உங்கள் ஊரில் அப்படி வயதானவர் யாராவது இருந்தால் தயவுசெய்து அவரிடம் போய்ச் சொல்லுங்கள், முன்பு ரூ.4,000 ஆக இருந்தது இப்போது இரட்டிப்பாகியிருப்பது பலருக்குத் தெரியாது.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். என் கவலை எல்லாம் அவனைப் பற்றித்தான்.

2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருடம் முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம். முதல் வருடம் சம்பளம் ரூ.30,000, அதில் 30 சதவீதம், அதாவது ரூ.9,000, சேவா நிதி என்கிற சேமிப்புக்குப் போய் ரூ.21,000 கையில் வரும். நான்காவது வருடம் ரூ.40,000, கையில் ரூ.28,000. அவன் போடுவது நான்கு வருடத்தில் 5 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், அரசும் அதே அளவு போடும், வட்டியோடு ஏறத்தாழ ரூ.11.71 லட்சம் வெளியே வரும்போது கிடைக்கும், வரி இல்லை. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை, கேன்டீன் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தே இல்லை, அதனால் நான் மேலே சொன்ன இட ஒதுக்கீடு, சைனிக் போர்டு உதவி எதுவும் அவனுக்கு வராது. ஆக, அவன் கையில் இருக்கப்போவது அந்த 11.71 லட்சமும், தனியாக அக்னிவீரருக்கென்று வைத்திருக்கும் ஒதுக்கீடுகளும்தான். திட்டம் தொடங்கும்போதே மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைஃபிள்ஸிலும் 10 சதவீதம், கோஸ்ட் கார்டிலும் பாதுகாப்புத் துறையின் சிவில் வேலைகளிலும் அந்தத் துறையின் பொதுத்துறை நிறுவனங்களிலும் 10 சதவீதம் என்று அறிவித்தார்கள், வயதிலும் சலுகை உண்டு. இது பிறகு மாறிக்கொண்டும் வருகிறது, ஒவ்வொரு அறிவிக்கை வரும்போதும் அதில் உள்ள சதவீதத்தைப் படித்துப் பாருங்கள்.

அந்த 11.71 லட்சத்தில் பாதி அவன் சொந்தச் சம்பளத்திலிருந்து பிடித்து வைத்தது. அதை வீட்டில் யாரும் "வந்த பணம்" என்று பார்க்காமல் இருக்க வேண்டும். உங்கள் அப்பா, அம்மாவிடம் இதைப் பேசக்கூடியவர் நீங்கள்தான். தங்கையின் திருமணத்துக்கும் பழைய கடனுக்கும் அது மொத்தமாகப் போய்விட்டால், 22 வயதில் அவன் கையில் ஒன்றும் இல்லாமல், டிகிரியும் இல்லாமல் நிற்பான். மாதம் ரூ.15,000 எடுத்தால் மூன்று வருடப் படிப்பு முடியும் வரை 5 லட்சத்து 40 ஆயிரம்தான் ஆகும், மீதி அப்படியே இருக்கும். நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை இருக்கட்டும், அது வேண்டியதுதான், ஆனால் சர்வீஸில் இருக்கும்போதே தொலைநிலைப் படிப்பில் சேர்ந்துவிடட்டும், இடையில் "பிடிக்கவில்லை" என்று விட்டு வரக் கூடாது. சொந்த விருப்பத்தில் நடுவில் வந்தால் அவன் கட்டிய பங்கும் அதன் வட்டியும்தான் கிடைக்கும், அரசின் பங்கு கிடைக்காது.

அமெரிக்க விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன் என்றேன் அல்லவா. முதல் தொகுதி அக்னிவீரர்கள் 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் வெளியே வருகிறார்கள். நான்கு வருடம் இருந்துவிட்டுப் பென்ஷன் இல்லாமல் வருகிற சிப்பாய் என்பது நம் நாட்டுக்கு இந்த அளவில் புதிது. பென்ஷன் இருந்தவரை வேலையின்மைத் தொகை கேட்கக் காரணம் குறைவாக இருந்தது, இப்போது அந்தக் காரணம் வந்துவிட்டது. வெளியே வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்காவது, வேலையோ படிப்போ கிடைக்கும் வரை, கடைசியாகக் கையில் வாங்கிய சம்பளத்தில் பாதியைத் தரலாம். இதைத் தானமாக நான் கேட்கவில்லை. ஷார்ட் சர்வீஸ் கமிஷனில் பத்து வருடம் இருந்துவிட்டுப் பென்ஷன் இல்லாமல் வருகிற அதிகாரிகளுக்கும் இது பொருந்தும். எங்கள் சங்கத்திலிருந்து எம்.பி.க்கு இதை எழுதிக் கொடுத்திருக்கிறோம், உங்கள் ஊரில் சங்கம் இருந்தால் அவர்களையும் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரரிடம் அடுத்த முறை பேசும்போது மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள்: பார்ட் டூ ஆர்டரில் உங்கள் பெயரும் பிள்ளைகளின் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா, கம்யூட்டேஷனில் எவ்வளவு எழுதியிருக்கிறார், ரீசெட்டில்மென்ட் கோர்ஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டாரா. பெயரில் வித்தியாசம் இருந்தால் எந்த எழுத்து எங்கே மாறியிருக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள், ஆதார் எண்ணையோ பி.பி.ஓ. எண்ணையோ போட வேண்டாம். எந்தப் படிவம், எந்த ஆபீஸ் என்று சொல்கிறேன்.